அவர்கள் கேட்ட சிவப்பு

"கையை இறக்குங்கள்" என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை. பாசல் நகரில், ட்ராம் திரும்பும் வளைவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தொழிற்பாடசாலையின் இரண்டாம் மாடி. நீள மேசையைச் சுற்றி வகுப்பு முழுவதும் நின்றது. மேசையின் நடுவே என் தாள். பாதிக் கைகள் மேலே போய்விட்டன, மீதி போய்க்கொண்டிருந்தன. சில விரல்களில் வர்ணம் இன்னும் காயவில்லை.

ஆசிரியை ரெகுலா கேட்டிருந்த கேள்வி இதுதான்: மலரின் தாளில் ஒரு துளி சிவப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் யார்?

நான் பேசியது டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். என் டொச் வேலைத்தலத்தில் பொறுக்கியது, அதில் மரியாதை கொஞ்சம் குறைவு. சொன்னது அவர்கள் காதில் கட்டளை போலவே விழுந்திருக்கும். கைகள் அந்தரத்தில் நின்றன. தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"மலர், இது ஒரு பயிற்சிதான்" என்றார் ரெகுலா. "இங்கே எல்லா முடிவையும் இப்படித்தான் எடுக்கிறோம்."

"தெரியும். அதனால்தான் சொல்கிறேன்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரு வகுப்பு

நான் அந்த மேசைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. போரில் இடம்பெயர்ந்து வந்த சனம் எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் இருந்தது, எங்களுக்கு மரத்தடியில் பாடம். பிறகு மரத்தடிக்கும் சனம் வந்தது. அதற்குப் பிறகு நாங்களே வேறொரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருக்கிற சனமானோம். அங்கே கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட வட்டம் ஒன்று இருந்தது. எங்கள் அடுப்புப் புகைக்குள் அது பல நாள் அப்படியே இருந்தது. அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு நாட்டை விட்டு அகதியாக வெளியேறினேன், அதன்பின் ஓரிடத்தில் நின்றவள் இல்லை. இந்த நாட்டுக்குள் மட்டும் ஜெனீவாவில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தேன், ஃப்ரிபூர்க்கில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமைத்தேன். இடையில் ஒரு கலியாணம். அது ஃப்ரிபூர்க்கிலேயே நின்றுவிட்டது, நான் ரயில் ஏறிவிட்டேன். இப்போது பாசலில், முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை.

சலவைப் பகுதிக்குப் போகும் வழியில் ஓர் அறிவித்தல் பலகை உண்டு. அதில் ஒருநாள் இப்படி ஒன்று தொங்கியது: மாணவர்களுக்குக் காட்சி வடிவமைப்பின் அடிப்படைகள், சனிக்கிழமைகளில், முன்னறிவு தேவையில்லை.

கடைசி வரிதான் என்னைப் பிடித்தது. இந்த நாட்டில் என் கைக்கு வந்த எந்தத் தாளிலும் அப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை. தொலைபேசியில் கேட்டேன், மாணவர்கள் என்றால் என்ன வயது என்று. வருகிறவர்கள்தான் மாணவர்கள் என்றார்கள்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் சாந்தி, மேசையில் கிடந்த பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"என்னடி இது? ஆருக்கு?"

"எனக்குத்தான். சனிக்கிழமை காலமையிலை படிக்கப் போறன்."

"டொச்சோ?"

"இல்லை. புள்ளி, கோடு."

சாந்தி பெட்டியை மூடினாள். "புள்ளியும் கோடும் எங்களுக்குப் பாலர் வகுப்பிலையே சொல்லித் தந்தவை. உனக்கு ஐம்பது வயசிலையோ விளங்கேல்லை எண்டு தெரிஞ்சது?"

"ஓம், இப்பதான்."

"போ, போ. வரேக்கை பேக்கரியிலை பாண் வாங்கிக்கொண்டு வா."

பதில் வராத புள்ளி

முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளும் ஒட்டக்கூடிய ஒரு கறுப்பு வட்டமும் தந்தார்கள். விரும்பிய இடத்தில் ஒட்டச் சொன்னார் ரெகுலா. என்னோடு இருந்தவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டியவர்கள், வடிவமைப்புக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தயாராகிறவர்கள். ஒருவர் நடுவில் ஒட்டினார். புள்ளி தூங்கிவிட்டது. ஒருவர் மேல் மூலையில் ஒட்டினார். அது பறக்கப் பார்த்தது. ஒரே புள்ளிதான். இடம் மாறினால் குணம் மாறுகிறது.

நான் தாளின் கீழ் விளிம்பில், பாதி வெளியே போகிற மாதிரி ஒட்டினேன்.

"இது வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா?" என்று கேட்டார் ரெகுலா.

"பதில் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் அங்கேதான் நிற்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்துக் கிடந்த எங்கள் ஆட்கள் யாராவது இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார்கள்.

புள்ளி நடக்கத் தொடங்கினால் கோடு என்றார்கள். கோட்டுக்குக் கனம் உண்டு, வேகம் உண்டு. அது எனக்குப் புதிதாக இருக்கவில்லை. ஜெனீவா ஹோட்டலில் படுக்கை விரிப்பின் நடு மடிப்பு கட்டிலின் நட்டநடுவில் ஓட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மேற்பார்வைக்காரி முழு விரிப்பையும் இழுத்து நிலத்தில் போடுவாள். அந்தக் கோட்டின் கனம் என் இடுப்பில் இன்னும் இருக்கிறது.

அடுத்து வெற்றிடம். அதில் நான் தடுமாறினேன். வெறுமையாக ஓர் இடத்தைக் கண்டால் அதை நிரப்பத்தான் என் கை போகும். எங்கள் கலியாண அழைப்பிதழைப் பார்த்தால் தெரியும், அதில் ஓர் எறும்பு நடக்கவும் இடம் விட மாட்டோம். மூன்று சனிக்கிழமை ரெகுலா என் தாளில் இருந்ததை அழித்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் ஃப்ரிபூர்க் தெருப் பெயர்ப்பலகைகள் நினைவுக்கு வந்தன. ஒரே பலகையில் பிரெஞ்சுப் பெயரும் டொச் பெயரும் இருக்கும், நடுவில் விரலகலம் வெறுமை. அந்த வெறுமை இல்லாவிட்டால் இரண்டையும் வாசிக்க முடியாது. வெற்றிடம் சும்மா கிடக்கிற இடமல்ல, அதற்கும் வேலை இருக்கிறது என்று விளங்கியது.

படிக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அந்த மூன்று சனிக்கிழமைகளை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வந்தபோதுதான் முரண்டு தொடங்கியது. ரெகுலா நல்ல மனுசி. எனக்காக வீட்டிலிருந்து சேலைப் படங்கள் நிறைந்த ஒரு பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உன் ஊர் நிறங்கள்! எங்களுக்கெல்லாம் இது இல்லையே!" என்றார். பக்கம் பக்கமாகக் குங்குமம், மஞ்சள், மயில்நீலம். அந்தப் புத்தகத்தில் இருந்த எந்தச் சேலையையும் நான் கட்டியதில்லை. எனக்கு நினைவிருக்கிற ஊர் உடுப்பு வெள்ளைப் பள்ளிச் சட்டை, அதுவும் எட்டாம் வகுப்போடு சரி.

பிறகு கடைசிப் பயிற்சியைச் சொன்னார். தலைப்பு: என் இடத்தின் நிறங்கள். உருவம் எதுவும் வரையக் கூடாது. ஏழு நீள்சதுரங்கள், ஏழு நிறங்கள், அவ்வளவுதான். முடித்த தாள்கள் கீழ்மாடி நடைவழியில் தொங்கும், ஊர் வந்து பார்க்கும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சேலைப் புத்தகத்தையும் பார்த்தார்கள்.

என் இடம் எது என்று எனக்கு அப்போதே தெரியும்.

தலைக்கு மேலே கதிரைகள்

இந்த நாட்டில் என் முதல் விலாசம் நிலத்துக்குக் கீழே இருந்தது.

ஒரு சின்னக் கிராமம். அதன் நடுவே ஒரு பொது மண்டபம். அங்கேதான் உடற்பயிற்சி, அங்கேதான் வாத்தியக் குழு, அங்கேதான் ஊர்க்கூட்டம். அதன் கீழே, போர் வந்தால் ஒளிந்துகொள்ள என்று கட்டிய பங்கர். ஆணுக்கொரு பக்கம், பெண்ணுக்கொரு பக்கம், மூன்று தட்டுக் கட்டில்கள், ஒரு பெரிய இரும்புக் கதவு. யன்னல் இல்லை. மழை பெய்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் விமானத்துக்குப் பயந்து நாங்கள் வெட்டிய பங்கருக்கும் மேலே ஒரு துண்டு வானம் தெரியும்.

சாந்தி என் மேல் கட்டிலில் படுத்தாள். அங்கேதான் பழக்கம்.

அந்த மாரிக் குளிரில் ஒரு பின்னேரம் தலைக்கு மேலே, ஆட்கள் வந்து உட்காரக் கதிரைகள் இழுபட்டன. பராமரிப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தார், இன்று ஊர்க்கூட்டம், பங்கரைத் தொடர்ந்து அகதிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பதா என்று வாக்கெடுப்பு, சத்தம் போடாமல் இருங்கள் என்று.

நாங்கள் சத்தம் போடவில்லை. குழாய்களில் மேலே பேசுகிறவர்களின் குரல் இறங்கி வந்தது, சொல் விளங்காது. யாரோ நெடுநேரம் பேசினார். யாரோ இருமினார். பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லை.

அத்தனை பேர் இருக்கிற மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"கை தூக்கினம்" என்று கிசுகிசுத்தார் துரை அண்ணை. எங்களுக்குள் வயதில் மூத்தவர், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர். "ஒருத்தரும் தும்மிப் போடாதேங்கோ. பிறகு அதையும் ஒரு வாக்கெண்டு எண்ணிப் போடுவாங்கள்."

சாந்தி தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேல் தட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன், உள்ளங்கையில் அதன் அச்சு விழும்வரை.

ஆம் என்ற கைகள்தான் எண்ணிக்கையில் கூடவாம். நாங்கள் இளவேனில் வரைக்கும் இருந்தோம். நல்ல முடிவுதான். ஆனால் அந்தக் கைகளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, அவர்களும் எங்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இடத்தின் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அப்போது எங்களிடம் கமரா இல்லை. இருந்திருந்தாலும் ஊருக்கு அனுப்ப யார் அதைப் படம் பிடிப்பார்கள்? இப்போது அங்கே வாத்தியக் குழுவின் மேளங்களை அடுக்கியிருக்கிறார்களாம்.

சாம்பல் பிசைதல்

ஏழு சாம்பல்: சுவர், இரும்புக் கதவு, காற்றுக் குழாய், பூச்சு அடித்த நிலம், பட்டாளத்துக் கம்பளி, கட்டிலுக்கு மேலே வியர்த்த கூரை. ஏழாவது, விளக்கை அணைத்ததும் திறந்த கண்ணுக்குள் வரும் நிறம்.

முதல் வாரம் கறுப்பையும் வெள்ளையையும் கலந்தேன். ஈரத்தில் ஏழாக இருந்தவை காய்ந்ததும் இரண்டாகிவிட்டன. குப்பையில் போட்டேன். அடுத்த வாரமும் அப்படியே.

ரெகுலாதான் வழி காட்டினார். கறுப்புக் குப்பியை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவற்றைக் கலக்கச் சொன்னார். நீலத்தோடு செம்மஞ்சள், பச்சையோடு சிவப்பு. ஒன்றை ஒன்று அடக்கிக்கொண்டு இரண்டும் சாம்பலாகும். ஆனால் செத்த சாம்பல் இல்லை, உள்ளே சூடும் குளிரும் இருக்கும். கதவு பச்சைப் பக்கம் சாய்ந்தது. கம்பளி மண்ணிறப் பக்கம் போனது. கூரைக்கு நீலம். அன்று காலை முழுவதும் நான் நிமிரவில்லை.

முடித்த தாளைப் பார்த்துவிட்டு ரெகுலா, "அருமையாகக் கலந்திருக்கிறாய்" என்றார். பிறகு தலையைச் சாய்த்தார். "இப்போது ஒரு துளி சிவப்பு வை. ஓர் ஓரத்தில், கொஞ்சம். எல்லாச் சாம்பலும் உயிர்த்துவிடும்."

"வேண்டாம்."

"நிறம் பற்றிய பயிற்சியில் நிறமே இல்லையே, மலர்."

"ஏழு இருக்கிறது."

அடுத்த சனிக்கிழமையும் அதே பேச்சு. அவருக்கு அது முடியாத தாள், முடியாத தாளை அவர் தொங்கவிடுவதில்லை. எனக்கு அது முடிந்த தாள்.

வீட்டில் சாந்தியிடம் காட்டினேன். என்ன இடம் என்று சொல்லவில்லை. அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, செத்த வீடு மாதிரி. கொஞ்சம் சிவப்பு, மஞ்சளெண்டு வையன். பாக்கிற சனத்துக்கும் ஒரு சந்தோசம் வேண்டாமோ?"

"நீயுமோ?"

"ஏன், வேறை ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொன்னா வையன், மூதேவி. ஒரு துளிக்கு என்ன நட்டம்?"

மேசைக்குத் திரும்பி

இப்போது அந்த மேசை. அந்தரத்தில் கைகள்.

லூக்கா என்ற பெடியன்தான் முதலில் கையை இறக்கினான். கெட்டிக்காரன், கல்லூரிக்கு நிச்சயம் எடுபடுவான் என்று எல்லோரும் சொல்கிற பிள்ளை. "கோபப்படாதே மலர்" என்றான். "உன்னை எதிர்த்து அல்ல. எங்களுக்குச் சொல்லித் தந்ததுதானே? பார்க்கிறவரின் கண்ணுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். உன் தாளில் கண் சுற்றிச் சுற்றி வருகிறது. நிற்க இடமில்லை."

"உங்கள் வீட்டுக்குக் கீழே பங்கர் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கிறதே. பனிச்சறுக்குக் கட்டைகளும் அப்பாவின் வைனும் வைத்திருக்கிறோம்."

"அப்படி ஒன்றில் நான் ஒரு மாரி முழுதும் இருந்தேன். அதுதான் இது. என் இடம். அங்கேயும் கண்ணுக்கு நிற்க இடமிருக்கவில்லை."

கைகள் ஒன்றொன்றாக இறங்கின. எனக்கு அவர்கள் வருத்தம் தேவையில்லை, அதற்காகச் சொல்லவுமில்லை. ஒரு துளி சிவப்பு வைத்தால் பார்க்கிறவருக்கு அது வசதியாகும். நான் வாழ்ந்த இடத்தை மற்றவருக்கு வசதியாக்கித் தர எனக்கு விருப்பமில்லை. அதைத்தான் சொன்னேன், என் அரைகுறை டொச்சில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் ரெகுலா, மெதுவாக.

"நீங்கள் சிவப்பைத்தான் கேட்டீர்கள். காரணம் கேட்கவில்லை." பிறகு சொன்னேன்: "ஒருமுறை என் தலைக்கு மேலே கை தூக்கினார்கள். அப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு நான் மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இது வாக்கெடுப்புக்கு வராது."

தாளைச் சுருட்டாமல் இரண்டு கையாலும் தூக்கினேன். ஊசிப் பெட்டியிலிருந்து நாலு ஊசி எடுத்துக்கொண்டேன். படி இறங்கி, நடைவழியின் கடைசியில், வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த சுவரில் குத்தினேன். அனுமதி கேட்கவில்லை. இந்த நாட்டில் அனுமதி கேட்காமல் நான் செய்த காரியங்கள் மிகக் கொஞ்சம், அதில் இது ஒன்று.

குமிழ் நடுவில் வரும்வரை

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கழற்றச் சொல்லப் போகிறார் என்று நினைத்து, திரும்பாமல் தாளுக்கு முன்னால் நின்றேன்.

வந்தவர் ரெகுலாதான். என் தோளுக்கு மேலால் கையை நீட்டித் தாளின் மேல் விளிம்பில் எதையோ வைத்தார். மட்டம் பார்க்கிற கட்டை. நடுவில் பச்சைத் திரவத்துக்குள் ஒரு காற்றுக் குமிழ் ஓடுமே, அது.

"இடப்பக்கம் இறங்கியிருக்கிறது" என்றார். "கொஞ்சம் தூக்கு."

தூக்கினேன்.

"அதிகம். இறக்கு. ஆ, அப்படியே."

குமிழ் நடுவில் நின்றது. நான் ஊசியை அழுத்தினேன்.

"எனக்கு இப்போதும் சிவப்பு வேண்டும் போலத்தான் இருக்கிறது" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே போனார். நான் போன பிறகு யாராவது கழற்றிவிடுவார்களோ என்று அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. கழற்றவில்லை. மற்றவர்களின் தாள்கள் வந்தன. ரைன் ஆற்றின் பச்சை, ஓட்டுக் கூரையின் சிவப்பு, யாரோ ஒருவரின் பாட்டி வீட்டுச் சமையலறை மஞ்சள். என்னுடையதும் அந்த வரிசையின் கடைசித் தாளாக, நேராக நின்றது.

கண்காட்சி நாளில் சாந்தி வந்தாள். நல்ல சேலை கட்டி, கை நிறைய, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த ரோல்ஸ் கொண்டு வந்தாள். இங்கே எந்தக் கண்காட்சி என்றாலும் வைனும் கொறிக்க ஏதாவதும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அது வயிற்றுக்குக் காணாது என்பதும் தெரியும். லூக்கா மூன்றாவது ரோல்ஸில் இருந்தான்.

அவள் என் தாளுக்கு முன்னால் வந்து நின்றாள். தாளுக்குக் கீழே ரெகுலா அச்சடித்து ஒட்டிய சின்ன அட்டை இருந்தது. அதில் என் பெயர், அதன் கீழே நான் கொடுத்த தலைப்பு: என் முதல் விலாசம்.

சாந்தி அதை வாசித்தாள். திரும்பவும் தாளைப் பார்த்தாள். வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"எடி," என்றாள். "இது அந்தக் கதவெல்லோ."

"ஓம்."

"இது கூரை. ஒழுகினது." விரலைத் தாளில் படாமல் நகர்த்தினாள். "இது... இது லைற்றை நூத்தாப் பிறகு."

அந்த ஏழாவதை யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் விரல் கம்பளியில் வந்து நின்றது. நெற்றி சுருங்கியது.

"இதிலை ஒண்டு விட்டிட்டாய். அந்தக் கம்பளிக்குச் சிவப்புக் கரை ஒண்டு இருந்ததெல்லோ? நடுவிலை வெள்ளைச் சிலுவையோடை, இவையின்ரை கொடி மாதிரி?"

"இருந்தது."

"மறந்து போனியோ?"

"இல்லை. நல்ல ஞாபகம்."

சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு நடைவழியின் அந்தப் பக்கம், வைன் கிண்ணத்தோடு நின்ற ரெகுலாவையும் வகுப்பையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு கண்ணில்தான் முதலில் வரும்.

"அவை சிவப்புக் கேட்டவையோ?"

"எல்லாரும் கேட்டவை. நீயும் கேட்டனி."

கையில் மிச்சம் இருந்த ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து எனக்குத் தந்தாள்.

"அப்ப குடுக்காதை" என்றாள்.